முட்டையை நிறுத்தினர், மொட்டையை நிறுத்தினரில்லை!

“அம்மா இருக்கிறார்களா?”

வாசலில் நின்று இப்படிக் கேட்பவன் உறவினன் அல்லன், விருந்தினனும் அல்லன். அம்மா வீட்டிலேதான் இருக்கிறாள். அடுப்பங்கரைக் கதவு மறைவிலே மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கிறாள். பத்து வயது மகள் வெளியே வந்து, “அம்மா ஊருக்குப் போயிருக்கிறார்கள்” என்கிறாள். பொய் சொல்லாதே என்று பள்ளியிலே படித்த பிள்ளை, வாசற்படியிலே நின்று பொய் சொல்லப் பழகுகிறது. வட்டிக்காரன் பணத்தைக் கொண்டு போகுமுன், அந்தப் பிள்ளையின் வாய்மையைக் கொண்டு போய்விட்டான்.

இப்படியொரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள், தோழர்களே! பெயர் வேண்டாம், ஊர் வேண்டாம். காவிரிக்கரை விசைத்தறித் தெரு எதிலும் அந்த வீடு உண்டு. தறி ஓட்டும் கணவன், நூல் சுற்றும் மனைவி, பள்ளி செல்லும் இரு பெண் குழந்தைகள். இருவர் உழைப்புக்கும் சேர்த்து மாதம் 24,000 ரூபாய் வருகிறது. மூத்தவளின் பூப்பு நீராட்டு விழாவுக்காக, நூற்றுக்கு மூன்று ரூபாய் வட்டியில், ஒன்றரை இலட்சம் கடன்.

வட்டிக்காரன் போன பின்பு, இரவு, குடும்பத் தலைவர் கணக்கேட்டை விரிக்கிறார். செலவைக் குறைத்தால்தான் கடன் தீரும் என்கிறார். நன்று! நாமும் அதையேதான் சொல்கிறோம். சிக்கனத்தைக் கஞ்சத்தனம் என்று எள்ளி நகையாடியவர்களுக்கு நடுவே, காசைக் காசென்று எண்ணி வாழ்ந்து காட்டிய பெரியாரின் வழியிலே வந்தவர்களுக்குச் சிக்கனம் புதுப்பாடம் ஆகாது. ஆனால், அவர் எதை வெட்டுகிறார் என்று எட்டிப் பாருங்கள்.

பால் அரை லிட்டர் கால் லிட்டர் ஆகிறது. பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு ஒரு முட்டை வந்துகொண்டிருந்தது, நிற்கிறது. மூத்தவள் போய்வந்த தட்டச்சுப் பயிற்சி நிற்கிறது. கண் மங்குகிறது என்று மனைவி சொல்லி ஆறு திங்கள் ஆகின்றன. மூக்குக் கண்ணாடி அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப் போகிறது. ஏட்டை மூடிவிட்டார். குடும்பத்துக்காகத் தியாகம் செய்த மனநிறைவு முகத்தில்!

அதே ஏட்டில் இரண்டு தாள் தள்ளிப் புரட்டினால் இன்னொரு கணக்கு இருக்கிறது. அதில் அவர் கை வைக்கவில்லை. பழனிக்குப் பதினொரு பேர், வண்டி வாடகை, முடிக் காணிக்கை, தங்குமிடம், திரும்பும் வழியிலே சாப்பாடு. எதற்காக இந்தப் பயணம்? கடன் தீரவேண்டும் என்று வேண்டுதல்! கடன் தீரக் கடன் வாங்கிப் போய் மொட்டையடித்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். முடி மீண்டும் முளைத்துவிட்டது. அந்த வண்டி வாடகைக்கு வட்டியும் முளைத்துக்கொண்டிருக்கிறது.

முட்டை நின்றது, மொட்டை நிற்கவில்லை. நம் வழக்கு இதுதான்.

கடவுளைப் பற்றிய வாதத்தை இன்று ஒருபுறம் ஒதுக்கி வைப்போம். வெறும் கணக்கை மட்டும் பார்ப்போம். கணக்குக்கு ஆத்திகமும் இல்லை, நாத்திகமும் இல்லை.

ஒன்றரை இலட்சத்துக்கு நூற்றுக்கு மூன்று என்றால், மாதம் 4,500 ரூபாய் வட்டி. ஆண்டுக்கு 54,000. வட்டியை மட்டும் கட்டிக்கொண்டு போனால் 34 மாதங்களில் 1,53,000 ரூபாய் கொடுத்து முடித்திருப்பார். வாங்கிய தொகைக்கு மேலேயே கொடுத்தாயிற்று. ஆனால் அசலிலே ஒரு காசு குறைந்திராது. கொல்லன் துருத்தியாவது ஊதினால் இரும்பு இளகும். இவர் மூச்சு முட்ட ஊதியும் எதுவும் இளகவில்லை.

மாதம் 6,000 கட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். 4,500 வட்டிக்குப் போக, முதல் மாதம் அசலுக்குச் சேர்வது 1,500தான். கடன் தீர 47 மாதங்கள் ஆகும். கொடுத்த மொத்தம் ஏறத்தாழ 2,81,000. இன்னும் ஒரு 3,000 ரூபாயைக் கண்டுபிடித்து மாதம் 9,000 கட்டினால்? 24-ஆம் மாதத்திலே கடன் முடிகிறது. கொடுத்த மொத்தம் ஏறத்தாழ 2,11,000. மாதம் 3,000 ரூபாய், நாளொன்றுக்கு நூறே ரூபாய், ஒரு குடும்பத்தின் அடிமைத்தளையை ஏறக்குறைய பாதியாக அறுத்துவிடுகிறது. 70,000 ரூபாயையும் மிச்சப்படுத்துகிறது. சிக்கனத்தின் ஆற்றல் இதிலே இருக்கிறது. இந்தக் கணக்கை எந்தக் கதாகாலட்சேபத்திலும் சொல்லித் தரமாட்டார்கள்.

அந்த 3,000 எங்கே இருக்கிறது? பாலிலும் முட்டையிலும் தேடினாரே, அங்கே மாதம் எண்ணூறுகூடத் தேறாது. ஏட்டைத் திருப்பி மறுபக்கத்தைப் பாருங்கள். ஆடி வெள்ளி, அமாவாசைப் படையல், குலதெய்வக் கிடாவெட்டு, கார்த்திகை மாலை, பழனி, தீபாவளி வெடி எல்லாமாக ஆண்டுக்கு 18,000. மாதத்துக்கு 1,500 விழுகிறது. சனி பெயர்ந்தது, குரு பெயர்ந்தது, வாசற்படியை மாற்றினால் கடன் ஓடும் என்று சோதிடனும் வாஸ்துக்காரனும் கறந்தது ஆண்டுக்கு 3,000, மாதத்துக்கு 250. கூலி நாள் மாலையிலும் மறுநாளிலுமாக மாதம் எட்டு முறை மதுக்கடை, முறைக்கு 160, ஆக 1,280. கூட்டுங்கள்: 3,030!

மதுக்கடையைப் பற்றிப் பேசும்போது ஓர் உண்மையை ஒளிக்காமல் சொல்லிவிடுவோம். கள்ளுக்கடை மறியல் காலத்தில் தம் சொந்தத் தோப்புத் தென்னைகளையே வெட்டிச் சாய்த்தவர் பெரியார். 1971-ல் மதுவிலக்கைத் தளர்த்தியது திராவிட இயக்க ஆட்சி. 2003-ல் சில்லறை விற்பனையையே அரசு நிறுவனத்தின் கையில் ஒப்படைத்ததும் திராவிடப் பெயர் தாங்கிய ஆட்சி. கள்ளச்சாராயச் சாவுகளையும் வருவாயையும் காட்டிக் காரணங்கள் சொன்னார்கள். காரணங்கள் இருக்கட்டும். அந்த வருவாயிலே, கண்ணாடி இல்லாமல் நூல் சுற்றும் அந்தப் பெண்ணின் பங்கும் இருக்கிறது.

இனி, பெட்டிக்குள் உறங்கும் பொன்னுக்கு வருவோம். அந்த வீட்டிலே மூன்று சவரன் நகை இருக்கிறது. அணிவது ஆண்டுக்கு இரண்டு நாள், அதுவும் ஊரார் பார்க்க. ஒருபக்கம் 24 கிராம் தங்கம் துணியில் சுற்றிக் கிடக்கிறது. மறுபக்கம் நூற்றுக்கு ஆண்டுக்கு 36 வீதம் வட்டி ஓடுகிறது. “விற்றுக் கட்டிவிடுங்கள்” என்றால், “பெண் பிள்ளைகள் இருக்கின்றனவே!” என்கிறார்கள். பெண் பிள்ளைகள் இருப்பதனால்தானே விற்கச் சொல்கிறோம்! “பொன் விலை ஏறுமே” என்கிறார்கள். ஏறும் ஆண்டும் உண்டு, ஏறாத ஆண்டும் உண்டு. வட்டி ஏறாத மாதம் உண்டா? விற்க மனமில்லையா, கூட்டுறவு வங்கியிலே அடகு வையுங்கள். வட்டிக்காரன் கேட்பதில் மூன்றிலொரு பங்கு வட்டிக்கே கடன் கிடைக்கும். அதைக் கொண்டு வட்டிக்காரனின் கணக்கை முடியுங்கள். குறிப்பாக ஒன்று: வட்டிக்காரன் அசலைத் துண்டு துண்டாக வாங்க விரும்புவதில்லை. “மொத்தமாகக் கொண்டு வா, அதுவரை வட்டி கட்டு” என்பான். பொன்முட்டையிடும் வாத்தை யார்தான் அறுக்கச் சம்மதிப்பான்? அவனிடம் மொத்தமாகப் பேச அந்த மூன்று சவரன்தான் வாய்.

அட்சய திருதியை என்று ஒரு நாள். அன்று பொன் வாங்கினால் வீட்டிலே பொன் பெருகுமாம்! நம் பாட்டிமார் அறியாத இந்தப் பண்டிகையை நகைக்கடை விளம்பரம் நம் வீட்டுக்குள் கொண்டுவந்தது. கடன் வாங்கிப் பொன் வாங்கி, அந்தப் பொன்னையே ஆடி மாதத்தில் அடகு வைப்பவர் எத்தனை பேர்! பெருகுவது எது, எங்கே என்று நகைக்கடைக்காரரைக் கேட்டால் தெரியும்.

பூப்பு நீராட்டு விழாவைப் பற்றி வாய் கூசாமல் பேசவேண்டும். ஒரு சிறுமியின் உடலில் இயற்கை தன் வேலையைச் செய்தது. அதற்குப் பந்தல்! ஒலிபெருக்கி! தெருமுனையில் அந்தச் சிறுமியின் படம் அச்சிட்ட பத்தடிப் பதாகை! மாமன் வரிசையாக இருபத்தொரு தட்டு! வகுப்பிலே ஆண் பிள்ளைகளின் பார்வையிலே குன்றிப்போய் அவள் நிற்கிறாள். அந்தக் கூச்சத்துக்கு விலை ஒன்றரை இலட்சம். அதை அடைக்க அவளுடைய தட்டச்சுப் பயிற்சியையும் அவளுடைய முட்டையையும் நிறுத்துகிறார்கள். அவள் பெயரால் வாங்கிய கடனை அவள் வயிற்றிலிருந்தே பறிக்கிறார்கள். இதைவிடக் கொடிய கணக்கு ஏதேனும் உண்டா?

“மொய் வந்துவிடுமே” என்பார்கள். மொய்யை நாம் இழித்துரைக்க வரவில்லை. பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு வட்டாரங்களில் ஆடி, ஆவணி மாதங்களில் நடக்கும் மொய் விருந்தைப் பாருங்கள். காதுகுத்தும் இல்லை, கல்யாணமும் இல்லை. பணம் வேண்டும், ஊர் கூடுகிறது, கறிச்சோறு போடுகிறார்கள், ஏட்டிலே எழுதுகிறார்கள். பலர் ஒரே பந்தலில் சேர்ந்து நடத்திச் செலவையும் பங்கிட்டுக்கொள்கிறார்கள். வட்டி கிடையாது; வாங்கியவர், கொடுத்தவர் விருந்து வைக்கும்போது வாங்கியதோடு சிறிது சேர்த்துத் திருப்புகிறார். புரோகிதனும் இல்லாமல் வட்டிக்காரனும் இல்லாமல் உழவர்கள் தாமே கண்ட கடன் முறை அது. அதன் அறிவை மெச்சுகிறோம். ஆனால் மொய் என்பது வரவன்று, கடன். வந்த மொய் அத்தனையும் திரும்பிப் போகவேண்டியது. அதைக் கொண்டு கிணறு வெட்டினால், ஆழ்துளையில் மோட்டார் இறக்கினால், திருப்பிக் கொடுக்க விளைச்சல் வரும். பந்தலுக்கும் பதாகைக்கும் கொடுத்துவிட்டால் எங்கிருந்து வரும்? மொய் வருமென்று எண்ணி விழா நடத்துபவர் ஒரு கடனைக் காட்டி இன்னொரு கடன் வாங்குகிறார், அவ்வளவே.

இவ்வளவு படித்த இளைஞன் ஒருவன் எழுந்து நம்மை மடக்குவான். மடக்கவேண்டும். “ஏழையின் கடனுக்கு ஏழையின் ஆடம்பரமே காரணம் என்று நீங்களும் சொல்கிறீர்களா? இதைத்தானே பண்ணையாரும் சொன்னார்?” என்பான்.

நல்ல கேள்வி, பழைய கேள்வியும்கூட. 1875 மே திங்களில் புணே மாவட்டத்துச் சூபா என்னும் சந்தை ஊரில் உழவர்கள் திரண்டெழுந்து, வட்டிக்கடைகளைச் சூறையாடிக் கடன் பத்திரங்களைத் தீயிட்டார்கள். அக்கம்பக்கத்து ஊர்களுக்கும் அகமத்நகர் மாவட்டத்துக்கும் அது பரவியது. அந்தக் கலவரத்தை ஆராய வெள்ளை அரசு ஒரு குழு அமைத்தது. திருமணச் செலவால்தான் உழவன் கெட்டான் என்ற பேச்சுக்கு அளவுமீறி முதன்மை தரப்படுகிறது என்றே அந்தக் குழு கருதியது. நிலவரியையும் நீதிமன்றத்தையும் வட்டியையும் பார்க்காமல், உழவன் வீட்டுப் பந்தலை மட்டும் பார்ப்பது ஆள்வோருக்கு வசதியாக இருந்தது. 1879-ல் தக்காண உழவர் நிவாரணச் சட்டம் வந்தது. மறுபுறம், பஞ்சாபில் அதிகாரியாயிருந்த மால்கம் டார்லிங் 1925-ல் உழவர் கடனைப் பற்றி எழுதிய நூலில், திருமணச் செலவையும் காரணங்களுள் ஒன்றாகவே வைத்தார். இரண்டும் மெய்யாக இருக்க முடியும். கடனைத் தொடங்கி வைப்பது விழாவாக இருக்கலாம், நோயாக இருக்கலாம், பொய்த்த மழையாகவும் இருக்கலாம். தீராமல் பார்த்துக்கொள்வது வட்டி.

ஆகவே மருத்துவமனை வாசலிலே கடன் வாங்கியவனை நோக்கிச் சிக்கன உபதேசம் செய்ய நாம் வரவில்லை. பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்துக்குக் கடன் வாங்கியவளையும் கடிந்துகொள்ளோம். அரசு செய்யவேண்டியதை அரசு செய்யவேண்டும். 1938-ல் சென்னை மாகாணத்தில் ஆச்சாரியார் அமைச்சரவை உழவர் கடன் நிவாரணச் சட்டம் கொண்டுவந்தது. பழங்கடனில் ஏறி நின்ற வட்டியை அது தள்ளியது. அசலின் இரு மடங்கு அளவுக்குச் செலுத்தியிருந்தால் கடனே தீர்ந்ததாகக் கொள்ளவும் அதில் வழி இருந்தது. அதே ஆச்சாரியாரை இந்தித் திணிப்புக்காகச் சிறை சென்று எதிர்த்தது நம் இயக்கம். ஆயினும் இதிலே அவர் நல்லது செய்தார் என்று சொல்ல நமக்கு நாக் கூசவில்லை. 2003-ல் தமிழ்நாட்டுக் கந்துவட்டித் தடைச் சட்டம் வந்தது: மூன்று ஆண்டு வரை சிறை, 30,000 ரூபாய் வரை தண்டம். நாள் வட்டி, மணி வட்டி, கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று கொள்ளையின் வகைகளையெல்லாம் சட்டப் புத்தகத்திலேயே பெயர் சொல்லி எழுதினார்கள். எழுதியும் என்ன? 2017 அக்டோபரில், நெல்லை மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்திலேயே, கந்துவட்டிக் கொடுமையால் கணவனும் மனைவியும் இரு பெண் குழந்தைகளோடு தீக்குளித்து மாண்டார்கள். 2025-ல், கடனில் சிக்கிய விசைத்தறித் தொழிலாளர்கள் தங்கள் சிறுநீரகத்தை விற்ற கொடுமை பள்ளிபாளையத்திலிருந்து வெளிவந்தது. முன்பு நிலத்தை எழுதி வாங்கினார்கள். நிலமில்லாதவனிடம் உடலையே அறுத்து வாங்குகிறார்கள்.

இதனால்தான் விழாச் செலவை வெட்டு என்று இத்தனை கடுமையாகச் சொல்கிறோம். ஏழை ஆடம்பரக்காரன் என்பதற்காகச் சொல்லவில்லை. அவன் வட்டிக்காரனின் வாசலுக்குப் போகும் பயணங்களில் ஒன்றையேனும் அவனே தடுக்க முடியும் என்பதற்காகச் சொல்கிறோம். நோயை அவன் தடுக்க முடியாது. மழையை வரவழைக்க முடியாது. பந்தலை அவன் தடுக்கலாம்.

தண்டலையும் சொல்லிவிடுவோம். பத்தாயிரம் கடன் என்பான்; 1,500-ஐ முன்னாலேயே பிடித்துக்கொண்டு 8,500 தருவான். நாளுக்கு நூறு வீதம் நூறு நாள் கட்டவேண்டும். “வட்டி வெறும் 1,500தானே” என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே அசல் திரும்பிக்கொண்டிருக்கிறது. கையிலே சராசரியாக நின்ற தொகை நாலாயிரத்துச் சொச்சந்தான். அதற்கு நூறு நாளில் 1,500 என்றால் ஆண்டுக்கு நூற்றுக்கு 125-க்கும் மேலே போகிறது! நம் இளைஞர்கள் தெருமுனைக் கூட்டத்திலே கரும்பலகை வைத்து இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டவேண்டும். விநாயகர் பால் குடித்தாரா என்ற வாதத்துக்குக் கூடுவதைவிடப் பெரிய கூட்டம் கூடும்.

ஏடு யார் கையிலே இருக்கவேண்டும்? சம்பாதிப்பவர் இருவர், வட்டிக்காரனுக்கு முகங்கொடுப்பவள் ஒருத்தி, முடிவு செய்பவர் மட்டும் தலைவரோ? 1989-ல் தருமபுரியில் பெண்களின் தன்னுதவிக் குழுக்கள் தொடங்கியபோது, கையெழுத்துப் போடத் தெரியாதவர்கூடக் கணக்குக் கேட்கப் பழகினார்கள். அந்தப் பழக்கம் குழுக் கூட்டத்தோடு நின்றுவிட்டது. வீட்டு ஏடு இன்னும் ஆண் கையில். அந்த ஏட்டை ஒரு மாதம் அவளிடம் கொடுத்துப் பாருங்கள். எந்தச் செலவை முதலில் அடிப்பாள் என்று நாம் சொல்லவும் வேண்டுமோ? பெண் விடுதலை பேசும் தோழர்களில் எத்தனை பேர் தம் சம்பளச் சீட்டை மனைவியிடம் காட்டியிருக்கிறார்கள் என்று கை தூக்கச் சொன்னால், நம் மாநாட்டுப் பந்தலிலேயே பல கைகள் சட்டைப்பையைத் தடவிக்கொண்டிருக்கும்.

நம் வீட்டுக்கே வந்துவிட்டோம், வந்தபின் விட்டுவிடுவதா? 1928-ல் அருப்புக்கோட்டையை அடுத்த சுக்கிலநத்தத்தில் பெரியார் தலைமையில் சுயமரியாதைத் திருமணம் நடந்தது. புரோகிதனும் இல்லை, புரியாத மந்திரமும் இல்லை. ஏறத்தாழ நாற்பது ஆண்டு அத்தகைய திருமணங்களைச் சட்டம் ஏற்காமல் கிடந்தது. 1967-ல் அண்ணா ஆட்சியில் சட்டம் ஏற்றது. அந்தச் சட்டம் மணமக்களிடம் என்ன கேட்கிறது? உற்றார், நண்பர் முன்னிலையில், இருவரும் அறிந்த மொழியிலே, ஒருவரை ஒருவர் ஏற்கிறோம் என்று சொல்லவேண்டும். மாலை மாற்றலாம், அல்லது மோதிரம் அணிவிக்கலாம், அல்லது தாலி கட்டலாம். இரண்டு மாலையின் விலையிலே ஓர் இல்லறத்தைத் தொடங்க நமக்கு உரிமை வாங்கித் தந்தார்கள்.

அந்த உரிமையைக் கொண்டு என்ன செய்கிறோம்? ஐயரை நிறுத்தினோம், ஆயிரத்தைந்நூறு இலையை நிறுத்தவில்லை. மந்திரத்தை விலக்கினோம், மண்டபத்தை விலக்கவில்லை. தாலியைத் தவிர்த்தோம் என்று மேடையிலே முழங்கிவிட்டு, மணமகள் கழுத்திலே ஐம்பது சவரனை ஏற்றுகிறோம். வரதட்சணைத் தடைச் சட்டம் 1961-லேயே வந்துவிட்டது. “அவர்களாக விரும்பிப் போட்டது” என்ற பேச்சு மட்டும் நம் வீடுகளிலும் புழங்குகிறது. வைதிகத் திருமணத்துக்குக் கடன்பட்டவன் புரோகிதனையாவது நோகலாம். பகுத்தறிவுத் திருமணத்துக்குக் கடன்பட்டவன் யாரை நோவது?

இதை எழுதும்போது நம் மேசை மீது ஓர் அழைப்பிதழ் கிடக்கிறது. தோழர் ஒருவரின் இல்லத் திருமணம், சுயமரியாதை முறையில். பெட்டி போன்ற அட்டை, உள்ளே பட்டுத் துணி, பொன்னெழுத்து. திறந்தால் இரண்டு முந்திரியும் விழுகின்றன. பையன் நம் இதழை விடாமல் படிப்பவன் என்று கேள்வி. வாழ்த்துக் கேட்டிருக்கிறார்கள். மனமார வாழ்த்துகிறோம். கூடவே, அழைப்பிதழ் ஒன்றுக்கு எவ்வளவு ஆயிற்று, மேடை அலங்காரத்துக்கு எவ்வளவு, அதில் எவ்வளவு கடன், வட்டி என்ன என்று நான்கு கேள்விகளையும் எழுதி அனுப்பியிருக்கிறோம். மறுமொழி வந்ததும், பெயரை மறைத்து வெளியிடுவோம்.